தவணை முறையில் ஒரு எதிர்ப்பு

(முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான சமாசாரம். மார்ச் மாத ஆண்டு முடிவுக் கணக்கு எல்லாம் முடிந்து, மறுபடி மனிதனாக மூச்சு விட ஆரம்பித்த பிறகு எழுதியது. காபியைக் கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.)

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தலை மாறிய கதை ஞாபகம் இருக்கும். காளி கோயிலில் இரண்டு ஆண்கள் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக் கொள்கிறார்கள். அழுது புலம்பும் பெண்ணைப் பார்த்து அம்மன் மனமிரங்கி, தலைகளை எடுத்து ஒட்ட வை, உயிர் வரும் என்கிறாள். பதற்றத்தில் அவள் தலையை மாற்றி ஒட்டி விடுகிறாள். இப்போது அவளுக்குக் கணவன் யார்? தலைக்குச் சொந்தக்காரனா, உடம்புக்குச் சொந்தக்காரனா? வேதாளம் கேட்கும், விக்கிரமன் பதில் சொல்வான், வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும்.

இதே கதையை 1940ல் ஒரு ஜெர்மன் எழுத்தாளர் குறுநாவலாக எழுதினார். தாமஸ் மன். கிரீஷ் கர்னாட் 1971ல் 'ஹயவதனா' நாடகம் எழுதியபோது பிடித்துக்கொண்டது இந்தக் குறுநாவலைத்தான். நானும் கர்னாட் வழியாகத்தான், அதாவது கொல்லைப்புற வழியாகத்தான், மன்னிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குறுநாவலை எழுதியபோது மன் ஜெர்மனியில் இல்லை. குடியுரிமை பறிபோய், வீடு பறிபோய், அமெரிக்காவில் இருந்தார். அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு வேலையும் ஆரம்பித்தார். பி.பி.சி. வழியாகச் சொந்த நாட்டு மக்களிடம் ஹிட்லருக்கு எதிராகப் பேசும் வேலை. யுத்தம் முடியும் வரை, ஏறக்குறைய மாதம் ஒரு உரை. மொத்தம் ஐம்பதுக்கும் மேல்.

தலை மாறிய கதையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு இந்த இரண்டாவது வேலை.

*

முதலில் ஒரு விஷயம். நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர், சர்வாதிகாரத்தை எதிர்த்தவர் என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும். இளம் வயது, கலைந்த தலை, பிறந்ததிலிருந்தே புரட்சி. மன் அந்த வார்ப்பில் சிறிதும் அடங்காதவர். 1875ல் வட ஜெர்மனியில் லுபெக் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். தானிய வியாபாரக் குடும்பம், அப்பா நகர செனட்டர். 1891ல் அப்பா இறந்ததும் நூறு வருஷம் நடந்த கம்பெனியைக் கலைத்து விட்டார்கள். பையன் மியூனிக்குக்கு வந்து ஒரு தீக் காப்பீட்டு அலுவலகத்தில் கொஞ்ச நாள் சம்பளமில்லாத குமாஸ்தாவாக இருந்தார் (நம் ஜாதி ஆட்கள் கவனிக்க :-) ). பிறகு 25 வயதில், சொந்தக் குடும்பம் நொடித்த கதையை 'புட்டன்புரூக்ஸ்' என்ற தடி நாவலாக எழுதிப் பெயர் வாங்கி, 1929ல் நோபல் பரிசும் வாங்கினார். இஸ்திரி கலையாத கோட்டு, கையில் சுருட்டு, காலையில் எழுத்து, மத்தியானம் தூக்கம். கடிகாரம் பார்த்து வாழ்ந்த மனிதர்.

இதோடு இன்னொன்று. இவர் ஆரம்பத்தில் ஜனநாயகத்துக்கே விரோதி. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் பக்கம் நின்று, பிரெஞ்சு பாணி ஜனநாயகம் எல்லாம் ஜெர்மன் ஆத்மாவுக்கு ஒத்து வராது என்று ஒரு பெரிய புத்தகமே எழுதி 1918ல் வெளியிட்டார். சொந்த அண்ணன் ஹைன்ரிக் மன்னும் எழுத்தாளர்தான், அவர் ஜனநாயகவாதி. புத்தகத்தில் பாதி அண்ணனோடு போட்ட சண்டை. இருவருக்கும் வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை கிடையாது.

1922 ஜூனில் வெளியுறவு அமைச்சர் ராதெனாவைத் தீவிர வலதுசாரி இளைஞர்கள் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அந்த அக்டோபரில் பெர்லின் பீத்தோவன் அரங்கத்தில் மன் ஒரு உரை நிகழ்த்தினார். எதிரே மாணவர் கூட்டம். 1918 புத்தகம் எழுதியவர் நம்ம ஆள் என்று நினைத்து வந்தவர்கள் அதில் நிறைய. இவரோ, குடியரசு இப்போது நம்முடையது, அதை ஆதரியுங்கள் என்றார். மாணவர்கள் காலைத் தரையில் தேய்த்துச் சத்தம் எழுப்பினார்கள். அங்கே அதுதான் எதிர்ப்புத் தெரிவிக்கும் முறை.

எட்டு வருஷம் கழித்து, அதே அரங்கம். 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியிருந்தார்கள். அக்டோபர் 17 அன்று மன் மேடை ஏறி, படித்த நடுத்தர வர்க்கத்தைப் பார்த்து, உங்கள் இடம் இப்போது சமூக ஜனநாயகக் கட்சியின் பக்கத்தில்தான் என்று சொன்னார். நோபல் பரிசு வாங்கிய முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் கட்சிக்கு ஆதரவு கேட்டது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. நாஜி ஆட்கள் உள்ளே புகுந்து கூச்சல் போட்டார்கள். முடிந்ததும் இசை நடத்துநர் புரூனோ வால்ட்டர், அந்தக் கட்டிடத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர், இவரைப் பின் வழியாக வெளியே கூட்டிப் போனார்.

ஆக, ஜனநாயகத்தின் மேல் கண்டதும் காதல் இல்லை இது. பெற்றோர் பார்த்து முடித்து வைத்த கல்யாணம் மாதிரி, மெதுவாக, தயங்கித் தயங்கி வந்த பற்று.

*

1933 பிப்ரவரி 10. ஹிட்லர் பதவிக்கு வந்து பதினோரு நாள். மியூனிக் பல்கலைக்கழகத்தில் இசைமேதை வாக்னரைப் பற்றி மன் ஒரு உரை நிகழ்த்திவிட்டு, மறுநாள் மனைவி காட்யாவோடு வெளிநாட்டுச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ். பிறகு சுவிட்சர்லாந்தில் அரோசா என்ற மலை ஊரில் ஓய்வு. பெட்டியில் இருந்தது சில வாரங்களுக்கான துணி.

மாதக் கடைசியில் நாடாளுமன்றக் கட்டிடம் எரிந்தது. கைதுகள் ஆரம்பமாயின. மியூனிக்கிலிருந்து மகள் எரிகாவும் மகன் கிளாவுஸும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயம். அதனால், இங்கே வானிலை ரொம்ப மோசம், திரும்ப வராதீர்கள் என்றார்கள். இவருக்குப் புரியவில்லை. இங்கேயும் வானிலை மோசம்தான் என்றார். வீடு சுத்தம் செய்கிறோம், ஒரே களேபரம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அதற்கும் அசரவில்லை. கடைசியில் பொறுமை இழந்து, அங்கேயே இருங்கள் என்று நேராகவே சொல்ல வேண்டியதாயிற்று. உலகத்தையே கரைத்துக் குடித்த நாவலாசிரியருக்கு வீட்டுப் பிள்ளைகளின் சங்கேத பாஷை பிடிபடவில்லை!

ஏப்ரலில், அந்த வாக்னர் உரை ஜெர்மன் மேதையை அவமதித்து விட்டது என்று மியூனிக் பிரமுகர்கள் ஒரு கண்டன அறிக்கை விட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் உண்டு. எல்லாம் ஒரே ஊரில் பழகிய ஆட்கள். அது மன்னை ரொம்பவே காயப்படுத்தியது. பாஸ்போர்ட் காலாவதியானது, புதுப்பித்துத் தரவில்லை. மியூனிக் திரும்பினால் கைது செய்யும் உத்தரவு தயாராக இருந்தது என்பது பின்னால் தெரிய வந்தது.

இந்த இடத்தில் என் உத்தியோகப் புத்தி கொஞ்சம் மூக்கை நுழைக்கிறது. மன் வெளியே, சொத்து உள்ளே. வீடு, கார், நூலகம், வங்கிக் கணக்கு எல்லாம் மியூனிக்கில். இன்னொரு மகன் கோலோ சேமிப்பில் பெரும்பகுதியை எப்படியோ எடுத்து வெளிநாட்டுக்குக் கடத்திச் சேர்த்தார். வீட்டை அரசு முடக்கியது. இதற்கெல்லாம் பயன்பட்ட ஆயுதங்களில் ஒன்று 'நாட்டை விட்டு ஓடும் வரி'. சொத்தில் கால் பங்கு. இதைக் கொண்டு வந்தது ஹிட்லர் இல்லை. 1931ல், வங்கிகள் சரிந்து கொண்டிருந்த நேரத்தில், முதல் வெளியே ஓடிவிடக் கூடாது என்று குடியரசின் அரசாங்கமே அவசரச் சட்டமாகப் போட்டது. இரண்டு லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்கு. நாஜிகள் வந்து 1934ல் அந்த வரம்பை ஐம்பதாயிரமாகக் குறைத்து, விரட்டப்படும் யூதர்களிடமிருந்து பிடுங்கும் கருவியாக்கிக் கொண்டார்கள். படிவமும் வட்டி விகிதமும் சுற்றறிக்கையுமாகக் காலம் தள்ளுகிற எனக்கு இது வயிற்றைப் பிசைந்தது. நல்ல காரணத்துக்காக ஒருவர் அடித்து வைத்த கத்தி, அலமாரியில் அப்படியே இருக்கிறது. அடுத்து வருபவர் யார் என்று கத்திக்குத் தெரியாது.

*

இனிமேல்தான் கதையின் சங்கடமான பகுதி. 1933லிருந்து 1936 ஆரம்பம் வரை மன் வெளிப்படையாக வாயே திறக்கவில்லை.

ஏன்? புத்தகம். அவருடைய பதிப்பாளர் பெர்லினில் இருந்தார். யோசேப்பு கதையை நான்கு பாக நாவலாக எழுதிக் கொண்டிருந்தார். முதல் பாகம் 1933லும் இரண்டாவது 1934லும் ஜெர்மனியிலேயே வெளிவந்தன. நாஜிகளை எதிர்த்துப் பேசினால் புத்தகம் நின்றுவிடும். பணம் மட்டும் இல்லை, வாசகர்களும் போய்விடுவார்கள். ஜெர்மன் மொழியில் எழுதுகிறவனுக்கு ஜெர்மன் வாசகன் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது?

அதே 1933ல் மகன் கிளாவுஸ் ஆம்ஸ்டர்டாமில் புலம்பெயர்ந்த எழுத்தாளர்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அப்பா பெயரும் பங்களிப்பாளர் பட்டியலில் இருந்தது. முதல் இதழிலேயே அரசியல் நெடி. பதிப்பாளர் நெருக்கினார். இவர், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை கொடுத்து விட்டார். பெற்ற மகனின் பத்திரிகை! கிளாவுஸ் எப்படி நொந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் ஹைன்ரிக்கின் குடியுரிமை 1933லேயே போயிற்று, கிளாவுஸுடையது 1934ல், எரிகாவுடையது 1935ல். குடும்பத்தில் ஒவ்வொரு விக்கெட்டாக விழுகிறது. பெரியவர் மட்டும் ஆட்டமிழக்காமல் நிற்கிறார்.

கடைசியில் உடைத்தது மகள். எரிகா சாதாரணப் பெண் இல்லை. நாஜிகளைக் கிண்டல் செய்யும் மேடை நிகழ்ச்சி நடத்தி ஊர் ஊராகப் போனவர். 1936 ஜனவரியில் அப்பா தன் பதிப்பாளருக்குப் பரிந்து பத்திரிகையில் ஒரு மறுப்பில் கையெழுத்திட்டதும், இனி உங்கள் முகத்தில் விழிப்பதே கஷ்டம் என்கிற தோரணையில் கடிதம் எழுதிவிட்டார். அடுத்து ஒரு சுவிஸ் விமர்சகர், வெளியேறிய எழுத்தாளர்கள் பெரும்பாலும் யூதர்கள், உண்மையான ஜெர்மன் இலக்கியம் வெளியேறவில்லை என்கிற மாதிரி எழுதினார். பிப்ரவரி 3ஆம் தேதி அதே சூரிச் பத்திரிகையில் மன்னின் பதில் வந்தது. நானும் வெளியேறியவர்களில் ஒருவன், இந்த ஆட்சியிலிருந்து ஜெர்மனிக்கும் உலகத்துக்கும் நல்லது எதுவும் வராது என்று பகிரங்கமாக எழுதினார்.

அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. அந்த டிசம்பரில் குடியுரிமை ரத்து. (செக்கோஸ்லோவாகியா இரண்டு வாரம் முன்பே தன் குடியுரிமையைக் கொடுத்திருந்தது.) அதைத் தொடர்ந்து பான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம். 1919ல் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டம் நீக்கப்படுகிறது. குடியுரிமை போனதால் பட்டியலிலிருந்து பெயரை அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வரி ஆபீஸ் கடிதம். அதற்கு மன் 1937 புத்தாண்டில் எழுதிய பதில் உலகப் புகழ் பெற்றது. இந்த ஆட்சியின் ஒரே நோக்கம் போர், நாட்டு மக்களைப் போருக்குத் தயாரிப்பதற்காகத்தான் எல்லா எதிர்ப்பும் நசுக்கப்படுகிறது என்று அதில் புட்டுப் புட்டு வைத்தார். சூரிச்சில் சிறு நூலாக அச்சாகி, செவ்வியல் எழுத்தாளர்களின் கடிதங்கள் என்கிற போலி அட்டையோடு ஜெர்மனிக்குள் கடத்தப்பட்டுக் கை மாறியது.

மூன்று வருஷ மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதைப் படித்தபோது மன் எனக்கு நெருக்கமானார் என்பதும் நிஜம். வீடு, பதவி, வயது, பிள்ளைகள் என்று இழக்க ஏதாவது இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். எதுவும் இல்லாதவனின் துணிச்சலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். எல்லாம் இருக்கிறவன், ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று பேனாவை எடுப்பது வேறு வகை.

*

1938 பிப்ரவரியில் அமெரிக்கா வந்து இறங்கினார். அவருக்கு வயது 62. மார்ச் முதல் தேதி சிகாகோ பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்து, பதினைந்து நகரங்களில் ஒரே உரை. தலைப்பு, 'வரப்போகும் ஜனநாயக வெற்றி'. தலைப்பைப் பாருங்கள், தேதியையும் பாருங்கள். பயணம் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குள் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கி விட்டார். ஊர் ஊராகப் போய் வெற்றி வரும் என்று சொல்லிக் கொண்டிருந்த மனிதர், ராத்திரி செய்தியைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்கினாரோ. இனி ஐரோப்பா திரும்ப வேண்டாம் என்ற முடிவும் அப்போதுதான் வந்தது.

அந்த உரையில் என்ன சொன்னார்? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒன்று. அமெரிக்காவுக்கு வந்து ஜனநாயகத்தைப் பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு போகிற கதைதான் என்று அவரே ஆரம்பிக்கிறார். உடனே, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்ற அந்த எண்ணம்தான் ஆபத்து என்கிறார். ஜனநாயகம் தன்னை மறந்து போய்விடும். அது தன்னை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்து, புதுப்பித்துக் கொள்ள வேண்டும்.

எங்கள் கிளையில் வாரம் ஒரு சண்டையாவது இதன் பேரில் நடக்கும். இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிற வாடிக்கையாளரிடம், கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும், அடையாள அட்டை கொண்டு வாருங்கள் என்போம். என்னைத் தெரியாதா, இந்த கேஷியர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே வருகிறேனே என்று குதிப்பார். தெரியும் சார். ஆனாலும் கொண்டு வாருங்கள். மன் அந்தப் பதினைந்து ஊர்களிலும் கேட்டது அதைத்தான் என்று தோன்றுகிறது. பழைய பெரிய வாடிக்கையாளர்களே, உங்கள் அடையாளத்தை ஒரு முறை காட்டுங்கள்.

இரண்டு. பெரும்பான்மை எண்ணிக்கையே ஜனநாயகம் என்று சொல்லிவிட்டால் போதாது என்கிறார். கூட்டத்தின் ஆட்சி என்று அர்த்தம் எடுத்தால் அது பாசிசத்துக்குத்தான் பொருந்தும். மனிதனின் மாண்பை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக உணர்ந்து நடக்கிற ஆட்சி எதுவோ அது ஜனநாயகம். மனிதனின் கீழ்மையை அவர் மறைக்கவில்லை. அது தினமும் கண்ணில் படுவதுதான். ஆனாலும் கலையாக, அறிவாக, நீதிக்கான ஏக்கமாக அவனிடம் வெளிப்படுகிற பெரிய விஷயத்தையும் மறக்கக் கூடாது என்கிறார். சர்வாதிகாரி மக்களை அற்பமாக நினைக்கிறான், அதனால் பிரசாரம் செய்கிறான். ஜனநாயகம் மக்களுக்குக் கற்றுக் கொடுக்க விரும்புகிறது.

மூன்று. பாசிசத்தின் கவர்ச்சி அதன் புதுமை. இளைஞர்களுக்குப் புதுப்படம் மாதிரி. அந்தப் புதுமை போலி. ஆனால் அதை முறியடிக்க ஜனநாயகமும் உள்ளுக்குள் மாற வேண்டும். வெறும் வாக்குச் சீட்டும் தனிமனித சுதந்திரமும் பசித்தவனுக்குப் பத்தாது. பொருளாதார நீதி வேண்டும். நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போன 1923ஐயும், வேலையில்லாக் கூட்டம் தெருவை அடைத்த 1932ஐயும் பார்த்தவர் சொல்கிறார். ரூஸ்வெல்ட் அமெரிக்காவில் செய்து கொண்டிருந்த சீர்திருத்தங்களை அவர் அவ்வளவு மெச்சியது இதனால்தான்.

நான்கு. சமாதானத்தை விரும்புவது நல்லது. ஆனால் எதிராளி அந்த விருப்பத்தையே ஆயுதமாகப் பயன்படுத்தும்போது, விட்டுக் கொடுத்துக் கொண்டே போவது சமாதானம் ஆகாது. ஜனநாயகம் தன்னைக் காத்துக் கொள்ளும் பலத்தோடு இருக்க வேண்டும். அந்த செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாகியாவை ஹிட்லருக்கு வெட்டிக் கொடுத்தன. நாடிழந்து நின்றபோது இவருக்குப் பாஸ்போர்ட் கொடுத்த அதே நாடு. அதைப் பற்றி 'இந்தச் சமாதானம்' என்று அவர் எழுதிய கட்டுரை முழுக்கக் கசப்பு.

*

பிறகுதான் பி.பி.சி. ஆரம்பத்தில் இவர் எழுதி அனுப்புவதை லண்டனில் வேறொருவர் படித்தார். 1941 வசந்தத்திலிருந்து இவருடைய குரலே. அந்தக் குரல் போன வழியைக் கேளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோவில் பேசுவதை இசைத்தட்டில் பதிவு செய்வார்கள். தட்டு விமானத்தில் நியூயார்க் போகும். அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டனுக்கு ஒலிக்கும். லண்டனில் இன்னொரு தட்டில் பதிந்து, அதை ஒலிபரப்புவார்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். ஜெர்மனியில் 1939 செப்டம்பரிலிருந்து அந்நிய வானொலி கேட்பதே குற்றம். கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். கேட்டவர்கள் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டிருப்பார்கள்.

என்ன பேசினார்? திட்டினார், கெஞ்சினார், கேலி செய்தார். முக்கியமாக, செய்தி சொன்னார். 1942 ஜனவரியிலேயே, டச்சு யூத இளைஞர்கள் விஷவாயுச் சோதனைக்குப் பலியானதைச் சொன்னார். அந்த செப்டம்பரில் போலந்திலும் மற்ற இடங்களிலும் நடந்த கொலைகளை எண்ணிக்கையோடு சொன்னார். போருக்குப் பிறகு, எங்களுக்கு எதுவுமே தெரியாது என்று பலர் சொன்னார்கள் அல்லவா? ஒருவர் மாதாமாதம் அவர்கள் மொழியிலேயே சொல்லிக் கொண்டிருந்தார்.

1942 மார்ச் கடைசியில் பிரிட்டிஷ் விமானங்கள் லுபெக்கைக் குண்டு போட்டு எரித்தன. சொந்த ஊர். 'புட்டன்புரூக்ஸ்' நாவல் நடக்கும் தாத்தா பாட்டி வீடும் அதில் இடிந்தது. அடுத்த உரையில் இதை எடுத்தார். ஊர் எரிந்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷமில்லை என்றார். ஆனால் ஜெர்மன் விமானங்கள் அழித்த கோவென்ட்ரி நகரத்தையும் நினைக்கிறேன், எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற நியதியை என்னால் மறுக்க முடியவில்லை என்றார். வியாபாரக் குடும்பத்தின் பேரன் பேசுகிறார். சொந்த வீட்டைப் பற்று எழுதிவிட்டு அடியில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

*

எதிர்க் கட்சி வாதத்தையும் சொல்லி விடுகிறேன். கலிபோர்னியாவில் கடலோரம் பெரிய வீடு கட்டிக்கொண்டு, குண்டு மழையில் இருப்பவர்களைப் பார்த்துக் கிளர்ச்சி செய் என்று சொல்வது சுலபம். போர் முடிந்ததும் ஜெர்மனிக்குள்ளேயே இருந்துவிட்ட எழுத்தாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். 1945 ஆகஸ்டில் ஒருவர் பகிரங்கக் கடிதத்தில் திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டார். இன்னொருவர், நாங்கள் உள்ளேயே நாடு கடந்து வாழ்ந்தோம், நீங்கள் வெளிநாட்டுப் பால்கனியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள் என்று குத்தினார். மன் பதிலுக்கு, 1933க்கும் 1945க்கும் நடுவே அங்கே அச்சான புத்தகங்களில் எல்லாம் ரத்த வாடையும் அவமானமும் இருக்கிறது, மொத்தத்தையும் கூழாக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

இதில் நான் மன் பக்கம் இல்லை. ரிக்கார்டா ஹூஹ் என்ற மூத்த எழுத்தாளர் 1933லேயே பிரஷ்ய அகாடமியை எதிர்த்து ராஜினாமா செய்துவிட்டு ஜெர்மனியிலேயே இருந்தவர். அந்த அம்மாவையும் கூழில் சேர்ப்பது நியாயமா? அவருடைய சொந்த யோசேப்பு நாவலின் முதல் இரண்டு பாகங்களும் அதே காலத்தில் அங்கே அச்சானவைதானே?

வேலை நிமித்தம் ஊரை விட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது எனக்கு. ராய்ப்பூர், போபால், இப்போது நாக்பூர். இதைப் போய் அதோடு ஒப்பிட்டால் யாராவது அடிக்க வருவார்கள். எனக்கு எல்.எஃப்.சி. உண்டு, ரயில் உண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம். ஆனால் இந்தச் சின்ன தூரத்திலேயே ஒன்று தெரிகிறது. தள்ளி இருப்பவனுக்கு ஊர் முழுசாகத் தெரியும். ஊரில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாது. மன்னின் குரலில் இந்த இரண்டும் இருந்தது.

அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது. 1945 மே மாதக் கடைசியில், ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரத்தில், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பேசினார். நல்ல ஜெர்மனி, கெட்ட ஜெர்மனி என்று இரண்டு இல்லை. இருப்பது ஒன்றுதான், அதன் நல்லதே கெட்டதாகத் திரும்பியது என்றார். நான் நல்ல ஜெர்மனியின் பிரதிநிதி என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்க அவர் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் என்னிடமும் இருந்தது, என் உடம்பிலும் ஓடியது என்றார். 1918 புத்தகத்தை எழுதியவருக்கு அதைச் சொல்லத் தகுதி இருந்தது. எதிராளியின் நோய் தன் ரத்தத்திலும் இருந்ததைத் தெரிந்தவன் செய்கிற எதிர்ப்புக்கு ஒரு தனிக் கனம் உண்டு.

*

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை. 1944ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1947ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஹாலிவுட்காரர்களைக் கூப்பிட்டு நீ கம்யூனிஸ்டா என்று விசாரித்தபோது, ஜெர்மனியிலும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று எச்சரித்தார். 1949ல் 'லைஃப்' பத்திரிகை கம்யூனிஸ்டுகளிடம் ஏமாறுபவர்கள் வரிசையில் இவர் படத்தையும் போட்டது. ரூஸ்வெல்ட்டின் அமெரிக்காவை மெச்சி ஊர் ஊராகப் பேசியவர் 1952ல் மூட்டை கட்டிச் சுவிட்சர்லாந்து திரும்பினார். 1955 ஆகஸ்டில் சூரிச்சில் இறந்தார். எந்த நாட்டுக்கும் அவர் நிரந்தர நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. ஜனநாயகத்தை ஆதரித்தார், அது எங்கே குடியிருக்கிறது என்பதை அவ்வப்போது சரிபார்த்தார்.

கலிபோர்னியாவில் அவர் கட்டிய வீட்டை 2016ல் ஜெர்மன் அரசாங்கம் விலைக்கு வாங்கியது. மியூனிக் வீட்டைப் பறித்த நாடு! 2018லிருந்து அங்கே அறிஞர்கள் தங்கி, ஜனநாயகத்தின் இன்றைய பிரச்சினைகளைப் பேசுகிறார்கள். 2025 ஜனவரியில் அந்தப் பகுதியையே நாசமாக்கிய காட்டுத்தீயிலும் வீடு தப்பித்தது. அதே வருஷம் மன்னுக்கு 150 வயது.

ஜனநாயகத்தைக் காப்பது என்றால் பீரங்கி முன்னால் மார்பைக் காட்டுவது, ஒரே நாளில் சரித்திரம் படைப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். அது நம்மால் ஆகாது என்று நாமே சொல்லிக் கொண்டு டி.வி. பார்க்கப் போய்விடலாம், வசதி. மன் விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. தாமதமாக வந்தார், தயங்கினார், பெற்ற மகனைக்கூட ஒரு நாள் கைவிட்டார். ஆனால் வந்த பிறகு மாதம் தவறவில்லை. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல், ஒரு தட்டில் பேசி, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்த மாத உரைக்குக் குறிப்பு எடுத்தார். ஹவுசிங் லோன் கட்டுகிற யாருக்கும் இது புரியும். முதல் தேதி வரும். கட்ட வேண்டும். அடுத்த முதல் தேதியும் வரும்.